தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டு இங்கிலாந்தில் நேர்சிங் படிப்பது: கேள்வி பதில்

கேர் ஹோமிலும் கடையிலும் வேலை செய்துகொண்டு, தனியாகப் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. பணம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஒழுங்குகள் வேறு. தொகைகள் 2025-26 கல்வியாண்டுக்குரியவை.

அக்கா, எனக்கு 38 வயசு. ஊரில ஏ.எல் எடுத்தனான், கலைப்பிரிவு. கேர் ஹோமில அஞ்சு வருச வேலை. எங்கயிருந்து தொடங்கிறது?

வயதை நினைத்துப் பயப்பட வேண்டாம், உச்ச வயதெல்லை இல்லை. முதலில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடியுங்கள். ஜி.சி.எஸ்.ஈ 4ஆம் தரம், அல்லது ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் (வயதுவந்தோருக்கான அடிப்படைத் திறன் சோதனை) லெவல் 2. இரண்டாவதை எல்லா யூனிவர்சிற்றியும் ஏற்பதில்லை, அதனால் நீங்கள் போக நினைக்கும் இடத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டுப் பதியுங்கள். தவறான சோதனையை எடுத்து ஒரு வருடத்தை இழப்பவர்கள் பலர்.

ஏ.எல் எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டால் அண்மையில் படித்ததற்கான சான்று கேட்பார்கள். அதற்கு ‘அக்செஸ் டு ஹையர் எடியுகேஷன்’ டிப்ளோமாதான் நேர்வழி. மொத்தம் 60 கிறெடிற், அதில் 45 லெவல் 3இல். பெரும்பாலும் ஒரு வருடம். மாலையிலும் இணையத்திலும் நடத்தும் கல்லூரிகள் உண்டு. கட்டணத்துக்கு அட்வான்ஸ்ட் லேர்னர் லோன் எடுக்கலாம். பிறகு பட்டப்படிப்பை முடித்தால் அந்தக் கடனில் மிச்சம் இருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

யூகாஸ் (யூனிவர்சிற்றிகளுக்கான பொது விண்ணப்பத் தளம்) விண்ணப்பத்துக்கு ஜனவரிதான் முக்கிய மாதம். கேர் ஹோம் அனுபவத்தை அதில் எழுதும்போது ‘எனக்கு இரக்கம் அதிகம்’ என்று நிறுத்தாதீர்கள். சாப்பிட மறுத்த ஒருவரிடம் என்ன கவனித்தீர்கள், யாரிடம் அறிவித்தீர்கள், எங்கே பதிந்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத்திலும் அதைத்தான் தோண்டிக் கேட்பார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில பி.ஏ. முடிச்சனான். ஏற்கெனவே பட்டம் இருந்தா ஸ்ரூடன்ற் லோன் தரமாட்டினம் எண்டு சொல்லினம். உண்மையே?

மற்றப் பாடங்களுக்குப் பெரும்பாலும் உண்மை. நேர்சிங்குக்கு விலக்கு உண்டு. இரண்டாவது பட்டமாக முழுநேரம் படித்தாலும் கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் கிடைக்கும். இதை யாரும் சொல்லாததால் விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் நம்மவர்களில் நிறைய.

விசா நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால் படிப்புத் தொடங்கும் நாளுக்கு முன் மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துக்கு இந்த மூன்று வருட நிபந்தனை இல்லை. கேர் விசாவில் இருப்பவர்களுக்கு ஸ்ரூடன்ற் ஃபினான்ஸ் (அரசு தரும் மாணவர் கடனும் உதவியும்) கிடையாது.

மொத்தமா என்னென்ன காசு வரும்? ரெண்டு பிள்ளையள், ஆறும் மூண்டும்.

வருடக் கட்டணம் 9,535 பவுண். அது கடனாக நேரே யூனிவர்சிற்றிக்குப் போய்விடும். உங்கள் கைக்கு வருவதை இரண்டு இடத்தில் கேட்க வேண்டும். ஒன்றில் விண்ணப்பித்தால் மற்றது தானாக வராது.

முதலாவது ஸ்ரூடன்ற் ஃபினான்ஸ். வாழ்க்கைச் செலவுக் கடனோடு பிள்ளைகளுக்கென இரண்டு உதவிகள் அங்கே இருக்கின்றன, இரண்டும் திருப்பிக் கட்டாத பணம். பேரன்ற்ஸ் லேர்னிங் அலவன்ஸ் வருடத்துக்கு ஆகக்கூடியது 2,024 பவுண். சைல்ட்கெயார் கிறான்ற் பிள்ளை பார்க்கும் செலவில் 85 வீதம். உச்சம் கிழமைக்கு ஒரு பிள்ளைக்கு 199.62, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 342.24 பவுண். இரண்டும் வருமானத்தைப் பார்த்துத் தருபவை.

இரண்டாவது என்.எச்.எஸ் லேர்னிங் சப்போட் ஃபண்ட். ஸ்ரூடன்ற் ஃபினான்ஸுக்குத் தகுதியான எல்லா நேர்சிங் மாணவருக்கும் வருடத்துக்கு 5,000, பிள்ளை பொறுப்பு உள்ளவர்களுக்கு இன்னும் 2,000 பவுண். இவையும் கடன் இல்லை. பிள்ளைகள் இருவர் என்றாலும் அந்த 2,000தான். ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்; முதல் வருடம் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் கஷ்டப்படுகிறார்கள். பிளேஸ்மென்ற் (ஆஸ்பத்திரியிலும் வெளியிலும் நடக்கும் செய்முறைப் பயிற்சி) போய்வரும் செலவில், வழமையாக யூனிக்குப் போகும் செலவுக்கு மேற்பட்டதையும் இங்கே கேட்கலாம். ரிக்கற்றுகளை எறியாதீர்கள்.

இன்னுமொன்று: வீட்டில் வயதுவந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும், நீங்களும் முழுநேர மாணவி என்றால் கவுன்சில் வரி முழுதாக விலகும். யூனியிடம் மாணவர் சான்றிதழ் வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள்.

யூனிவர்சல் கிறெடிற் நிண்டுபோகுமோ எண்டு பயமா இருக்கு.

பிள்ளை பொறுப்பு உள்ளவர் முழுநேரம் படித்தாலும் யூனிவர்சல் கிறெடிற் கேட்கலாம். ஆனால் தொகை குறையும். வாழ்க்கைச் செலவுக் கடனை வருமானமாகக் கணக்கிட்டு, மாதம் 110 பவுணை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கழிப்பார்கள். ‘கடன் வேண்டாம், வட்டி பாவம்’ என்று கடனை எடுக்காமல் விட்டாலும், எடுக்கக்கூடிய முழுத் தொகையும் கையில் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் நட்டம். கோடை விடுமுறை மாதங்களில் கடனைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் அப்போது தொகை கூடும்.

ஸ்ரூடன்ற் ஃபினான்ஸ் கடிதத்தில் ‘ஸ்பெஷல் சப்போட்’ என்று பிரித்துக் காட்டியிருக்கும் பகுதி வருமானத்தில் சேராது. கடிதம் வந்த அன்றே யூனிவர்சல் கிறெடிற் இணையக் கணக்கின் ஜேர்னலில் ஏற்றி, அந்தப் பகுதியைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். எழுதாவிட்டால் முழுக் கடனையும் கழித்துவிட்டு, பிறகு சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும்.

சைல்ட்கெயார் கிறான்ற் எடுப்பவர் யூனிவர்சல் கிறெடிற்றின் பிள்ளை பராமரிப்புப் பகுதியையோ ராக்ஸ் ஃபிறீ சைல்ட்கெயாரையோ சேர்த்து எடுக்க முடியாது. ஒன்றைத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

ஷிஃப்ற் காலமை 7.30க்குத் தொடங்குமாம். நேர்சரி 8 மணிக்குத்தான் திறக்கும். என்ன செய்யிறது?

படிப்பை இடையில் விடுபவர்கள் பலர் பாடம் விளங்காமல் விடுவதில்லை, இந்த அரை மணித்தியாலத்தால்தான் விடுகிறார்கள். யூகாஸ் படிவத்தைத் தொடுவதற்கு முன் இதற்கு வழி காணுங்கள்.

என்.எம்.சி (நேர்ஸ்மாரைப் பதிவுசெய்யும் சபை) விதிப்படி மூன்று வருடத்தில் 2,300 மணித்தியாலம் செய்முறைப் பயிற்சி முடிய வேண்டும். அதில் 600 வரை சிமுலேஷனாக (பாவனைப் பயிற்சியாக) இருக்கலாம், மிச்சம் வார்ட்டிலும் சமூகத்திலும். கிழமைக்கு 37.5 என்று பார்த்தால் மொத்தம் 61 கிழமைக்கு மேல் வருகிறது. இரவு, வார இறுதி இரண்டையும் பார்த்திருக்க வேண்டும் என்பதால், எனக்கு இரவே வேண்டாம் என்று மூன்று வருடமும் தள்ள முடியாது.

நீண்ட ஷிஃப்ற் என்றால் காலை 7.30 முதல் இரவு 8 வரை. ஒரு மணித்தியால இடைவேளை கழிய 11.5. மூன்று நாள் செய்தால் 34.5, கிழமைக்கு மூன்று மணித்தியாலம் குறையும், அதனால் ஏறக்குறைய நான்கு கிழமைக்கு ஒரு மேலதிக நாள் வரும். மூன்று நாள் ஒழுங்கு செய்தால் போதும் என்பது நல்லது; ஆனால் பஸ் நேரத்தையும் சேர்த்தால் அந்த நாளில் பிள்ளையை 14 மணித்தியாலம் யாராவது பார்க்க வேண்டும். இதனால் பெரும்பாலும் இரண்டு ஆள் தேவை: விடியவும் இரவும் ஒருவர், நடுப்பகலுக்கு நேர்சரி அல்லது பள்ளிக்கூடம். காலை 6.30க்கே எடுக்கும் சைல்ட்மைண்டர்கள் இருக்கிறார்கள், இரவு வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. சைல்ட்கெயார் கிறான்ற் ஒஃப்ஸ்ரெட்டில் (பிள்ளை பராமரிப்பாளரைப் பதிவுசெய்யும் அரச அமைப்பு) பதிந்தவர்களுக்கு மட்டுமே. அம்மம்மா பார்த்தால் அவருக்குக் கொடுக்க அதில் காசு வராது. ஆகவே பதிந்தவருக்கு நீண்ட பகலையும், அம்மம்மாவுக்கோ நம்பிக்கையான சிநேகிதிக்கோ விடியலும் இரவுமான அந்த ஓரங்களையும் கொடுங்கள்.

வார்ட் ரொஸ்ரர் பல கிழமைக்கு முன்பே போட்டுவிடுவார்கள். முதல் நாள் போய் ‘எனக்குச் செவ்வாய் ஏலாது’ என்றால் மாற்றுவது கடினம். இடம் ஒதுக்கிய மின்னஞ்சல் வந்ததும் யூனியின் பிளேஸ்மென்ற் அலுவலகத்துக்கும் வார்ட் மனேஜருக்கும் எழுதுங்கள். ஏலாத நாட்களைச் சொல்லும்போது ஏலும் நாட்களையும் சொல்லுங்கள். ‘திங்கள், வியாழன், சனி நீண்ட நாள் செய்வேன், மாதத்தில் இரண்டு இரவும் செய்வேன்’ என்று வந்தால் பெரும்பாலும் இடம் கொடுப்பார்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா?

ஷிஃப்ற் தொடங்குமுன் வார்ட்டுக்கும் யூனிக்கும் இரண்டுக்கும் அறிவியுங்கள். ஒன்றுக்கு மட்டும் சொன்னால் வராமல் விட்டதாகப் பதிவாகலாம். விட்ட மணித்தியாலத்தைப் பிறகு செய்தேயாக வேண்டும், காரணம் எதுவானாலும்.

நான் தகப்பன், மனைவி இறந்து ரெண்டு வருசம். மனநல நேர்சிங் செய்ய விருப்பம். ஏதும் வித்தியாசம் இருக்கோ?

மனநல நேர்சிங்குக்கும் கற்றல் குறைபாட்டு நேர்சிங்குக்கும் மேலே சொன்ன என்.எச்.எஸ் லேர்னிங் சப்போட் ஃபண்டில் வருடம் 1,000 பவுண் மேலதிகமாக உண்டு. சமூக மனநலக் குழுக்களில் பிளேஸ்மென்ற் கிடைக்கும் காலத்தில் வேலை பெரும்பாலும் 9 முதல் 5 வரை என்பதால் பள்ளி நேரத்தோடு ஓரளவு ஒத்துப்போகும். வார்ட்டில் மற்ற இடங்களைப் போலத்தான். நீங்கள் தாராளமாக விண்ணப்பியுங்கள், தம்பி; இந்தத் துறையில் ஆண்கள் நன்றாகத் தேவை.

யூனியோ, அப்பிரெண்டிஸ்சிப்போ?

மாதாமாதம் சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது என்றால் அப்பிரெண்டிஸ்சிப், அதாவது வேலை செய்துகொண்டே படிப்பது. நேர்சிங் அசோசியேற் (நேர்ஸுக்கு ஒரு படி கீழான பதவி) இரண்டு வருடம், அதன்பின் மேலும் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் பதிவுபெற்ற நேர்ஸ். கட்டணம் உங்கள் தலையில் விழாது. சம்பளம் வாங்குவதால் யூனிவர்சல் கிறெடிற்றின் பிள்ளை பராமரிப்புப் பகுதியையும் கேட்கலாம். அதற்குப் பதிலாக ஸ்ரூடன்ற் ஃபினான்ஸும் அந்த 5,000மும் இல்லை. இடங்கள் குறைவு, காலமும் கூட. உங்கள் கேர் ஹோம் மனேஜரிடம் நேரே கேளுங்கள், என்.எச்.எஸ் ஜொப்ஸ் தளத்திலும் தேடுங்கள்.

படிக்கேக்க கேர் ஹோம் வேலையை வைச்சிருக்கலாமோ?

வைத்திருங்கள், ஆனால் நிரந்தர மணித்தியாலத்தை பாங்க் ஒப்பந்தமாக (ஏலும்போது மட்டும் ஷிஃப்ற் எடுக்கும் ஒழுங்கு) மாற்றுங்கள். வகுப்புக் கிழமைகளில் ஒரு நாள் செய்யலாம். பிளேஸ்மென்ற் கிழமைகளில் 37.5க்கு மேல் இரண்டு இரவு கூட்டினால் மருந்து கொடுக்கும்போது பிழை விடுவீர்கள்.

கணக்கெண்டா எனக்குப் பயம். மருந்துக் கணக்குச் சோதினை கஷ்டமோ?

பட்டம் முடிய முன் அந்தச் சோதனையில் 100க்கு 100 எடுக்க வேண்டும். ஆனால் கணக்கு பெரிதில்லை: வேண்டியதை இருப்பதால் பிரித்து, அது கரைந்திருக்கும் அளவால் பெருக்குங்கள். 75 மில்லிகிராம் கொடுக்க வேண்டும், குப்பியில் 2 மில்லிலீற்றரில் 50 மில்லிகிராம் இருக்கிறது என்றால், 75ஐ 50ஆல் பிரித்து 2ஆல் பெருக்க 3 மில்லிலீற்றர். ஒரு லீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்ற மணிக்கு 125 மில்லிலீற்றர். மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செற் என்றால் 20,000 துளியை 480 நிமிடத்தால் பிரியுங்கள், நிமிடத்துக்கு 42 துளி அளவில்.

பிழை வருவது அலகில். 0.125 மில்லிகிராம் டிஜொக்சின் என்றால் 125 மைக்ரோகிராம். கணக்கைத் தொடங்குமுன் இரண்டு பக்கத்தையும் ஒரே அலகுக்கு மாற்றிவிட்டு எழுதுங்கள். விடை வந்ததும் ஐந்து குளிசை, எட்டுக் குப்பி என்று நிற்குமானால் கொடுக்காமல் திரும்பக் கணக்குப் பாருங்கள்.