தென்னைக்கு வயது சொன்னவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் வழியாகப் புறவழிச்சாலை வருகிறது. எங்களுடைய 3 ஏக்கரில் பாதிக்கு மேல் போய்விடும். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். நிலத்தை ஊரில் ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். இழப்பீட்டை மொத்தமாகக் கொடுத்தால் நம் விவசாயிகள் கார், கல்யாணம் என்று இரண்டே வருடத்தில் கரைத்துவிடுகிறார்கள். மாதாமாதம் கொடுப்பதுதானே அவர்களுக்கு நல்லது? உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் ஊருக்குப் போகும்போது, எங்கள் வயலாக இருந்த இடத்தின் மேல் பேருந்து ஓடியது. நான் நினைத்துக்கொண்டிருந்ததை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது.

முதலில் ஒன்று. விவசாயிக்குக் காசைக் கையாளத் தெரியாது என்ற பேச்சை இனி யாரிடமும் பேசாதீர்கள். விதை, உரம், அறுப்புக்கூலி, நகைக்கடன் வட்டி எல்லாவற்றையும் ஒரு போகத்து நெல்லை நம்பிச் சமாளிக்கிறவருக்கு நீங்களும் நானும் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை. கடன் மொத்தமாக நிற்கிறது, அதனால் பணத்தையும் மொத்தமாகக் கேட்கிறார். தவணைக்கு அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆந்திரத் தலைநகருக்காக அமராவதியில் நிலம் கொடுத்தவர்களுக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு மானாவாரி என்றால் 30,000, நன்செய் என்றால் 50,000, ஆண்டுதோறும் கூட்டி 10 ஆண்டுகள் என்றுதான் பேச்சு. 2019இல் ஆட்சி மாறியது. தவணை தள்ளிப்போனபோது தெருவில் நின்று கேட்க வேண்டியதாயிற்று. மொத்தமா மாதமா என்பதை வாங்குகிறவர் தீர்மானிக்கட்டும். அதை விடுங்கள்.

“ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார்” என்று ஒரே வரியில் எழுதித் தாண்டிவிட்டீர்களே, என்னால் தாண்ட முடியவில்லை.

எங்கள் நிலத்தை 20 வருடத்துக்கு மேல் செய்தவரை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். வரப்பில் 11 தென்னை வைத்திருந்தார். எல்லாம் அவர் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து பிழைக்க வைத்தவை. நிலத்தை அளக்க வந்தவர்கள் ஒவ்வொரு மரத்திலும் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். மரத்துக்கு என்ன வயது என்று கேட்டார்கள். அப்பா குடைக்குள் நின்றார், அவருக்குத் தெரியவில்லை. பெரியப்பாதான் கூடவே நடந்து சொன்னார்: “இது பெரியவ பொறந்த வருஷம் வெச்சது. இது வெள்ளம் வந்ததுக்கு மறு வருஷம்.” சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு மரத்தையும் தாண்டும்போது உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தார்.

மரத்துக்கான பணமும் நிலத்துக்கான பணத்தோடு சேர்ந்து அப்பா பெயருக்கு வந்தது. அப்பா அவருக்கு 5,000 ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். அன்று நான் வீட்டில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அதற்கு மேல் அவர் கேட்டிருக்கவும் முடியாது. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கணக்குதான் அடங்கல். வருடா வருடம் அதை எழுதும்போது சொந்த சாகுபடி என்றுதான் அப்பா சொல்லுவார். குத்தகைக்காரர் பெயர் ஏறிவிட்டால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம். அப்பா கெட்டவர் இல்லை. ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யவே தமிழ்நாட்டில் 1969இல் ஒரு சட்டம் வந்தது. வந்து என்ன, பெரியப்பா பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் பட்டாதாரரோடு நிற்கவில்லை. 3 ஆண்டுகளாக அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரரும் விளைச்சலில் பங்குக்கு, அதாவது வாரத்துக்குச் செய்பவரும் கூலித்தொழிலாளியும் அதில் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். வேலை, அல்லது ஒரே தடவையில் 5 லட்சம், அல்லது மாதம் குறைந்தது 2,000 என்று 20 ஆண்டுகள், அதுவும் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றி. நீங்கள் கேட்ட மொத்தமா மாதமா என்ற கேள்வி சட்டத்திலேயே இருக்கிறது, பாருங்கள். அதற்குப் பதில் சொல்லும் உரிமை உங்கள் குத்தகைக்காரருக்கும் உண்டு. ஆனால் அந்த 3 ஆண்டுகளைக் காட்ட அவர் கையில் ஒரு தாள் வேண்டுமே?

நீங்கள் படித்தவர், மனம் உள்ளவர். இல்லாவிட்டால் இதையெல்லாம் யோசித்து எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கோபித்துக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போங்கள். அடங்கல் நகல் எடுத்து, சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் அப்பா பெயர் இருந்தால், அதிகாரி விசாரிக்க வரும் நாளில் நீங்களே குத்தகைக்காரர் பக்கத்தில் நின்று, இந்த நிலத்தை இத்தனை வருடமாக இவர்தான் செய்கிறார் என்று சொல்லுங்கள். எழுதியும் கொடுங்கள். வரப்பில் மரம் ஏதாவது அவர் வைத்ததா என்றும் கேளுங்கள்.

கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.