முதல் துணிப் பொம்மை: எதற்குச் செலவழிக்கலாம், எதை வாங்காமல் விடலாம்

கையால் பொம்மை தைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: முதலில் என்ன வாங்குவது? ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்குப் பட்டன் தைக்கிற அளவுக்குத்தான் தையல் தெரியும். பொம்மை செய்ய ஆரம்பிக்கும் முன் தையல் மெஷின் வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதல் மூன்று பொம்மைகளைக் கையாலேயே தையுங்கள். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பொம்மைக்கு மொத்தத் தையல் நீளமே ஒரு மீட்டருக்குப் பக்கத்தில்தான் வரும், இரண்டு மூன்று மாலை நேரங்களில் நிதானமாக முடிந்துவிடும். ஊசியை முன்னே ஓட்டி, திரும்ப ஒரு எட்டு பின்னே வந்து குத்துகிற பின்தையல் ஒன்று தெரிந்தால் போதும். 3 மில்லிமீட்டருக்கு ஒரு தையல் என்று நெருக்கமாகப் போட்டால் பஞ்சை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் பிரியாது. அதோடு பொம்மையில் இருக்கிற வளைவுகள் எல்லாம் சின்னச் சின்ன வளைவுகள், காது நுனி, கால் பாதம் மாதிரி. மெஷினில் புதிதாக உட்கார்கிறவருக்கு அந்த இடங்களில்தான் துணி வழுக்கிக்கொண்டு போகும். கை அங்கே நின்று நிதானமாகத் திரும்பும்.

கையில் பிடித்து அழுத்துகிற, ஸ்டேப்ளர் மாதிரி இருக்கும் குட்டி மெஷினை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடுகிறது, முடிவில் சரியாக முடிச்சுப் போடாவிட்டால் நூல் நுனியை இழுத்ததும் மொத்தமும் கழன்று வரும். பஞ்சின் அழுத்தம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிற பொம்மைக்கு அது ஆகவே ஆகாது.

பிறகு பிடித்துப்போய் மெஷின் வாங்கத்தான் வேண்டும் என்றால் நேர்த்தையலும் ஜிக்ஜாகும் போடுகிற சாதாரண மெஷினே போதும். எத்தனை பூவேலை டிசைன் வரும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம், துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷினின் காலை எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்று பாருங்கள். நீங்கள் தைக்கப்போகிற துணியில் ஒரு துண்டைக் கடைக்கே எடுத்துப்போய், நான்காக மடித்துக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திணறாமல் ஓடினால் வாங்கலாம்.

கேள்வி: எந்தத் துணியில் ஆரம்பிப்பது? கடையில் பொசுபொசுவென்று இருக்கிற ஃபர் துணியைப் பார்த்தாலே வாங்கத் தோன்றுகிறது.

தோன்றத்தான் செய்யும், ஆனால் அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதல் பொம்மைக்கு ஃபெல்ட் நல்லது, நெய்யாமல் இழைகளை அழுத்திச் சேர்த்துச் செய்கிற துணி அது. நூல் பிரியாது, இரண்டு பக்கமும் ஒன்றுதான், வெளிப்பக்கமாகவே தைத்துவிடலாம் என்பதால் திருப்பிப் போடுகிற வேலையும் இல்லை. இன்றைக்குப் பெரிய பொம்மைக் கம்பெனியாக இருக்கும் ஸ்டைஃப் ஆரம்பித்ததே ஃபெல்ட்டில்தான். ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் 1880 வாக்கில் ஃபெல்ட்டில் ஒரு குட்டி யானை தைத்தார். அது ஊசி குத்தி வைக்கிற மெத்தையாகச் செய்தது, குழந்தைகள் அதை எடுத்து விளையாட ஆரம்பித்ததால் பொம்மையானது. ஃபெல்ட் வாங்கும்போது தாள் மாதிரி மெல்லியதாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரிகிற ரகத்தை விட்டுவிடுங்கள். பஞ்சு அடைத்ததும் தையல் ஓரத்தில் இழுபட்டு ஓட்டை விழும். கம்பளி கலந்த ஃபெல்ட் விலை கூடத்தான், ஆனால் முழு பாலியஸ்டரைவிட இறுக்கமாக நிற்கும். தண்ணீரில் போட்டால் சுருங்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து ஃப்ளீஸ், குளிர்கால ஜாக்கெட்டுகளில் வருகிற அந்த மெத்தென்ற துணி. என்னைக் கேட்டால் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பொறுமையான துணி கிடையாது. வெட்டிய ஓரம் பிரியாது, தையல் கொஞ்சம் கோணலாகப் போனாலும் மெத்தென்ற பரப்புக்குள் மறைந்துவிடும். ஒன்றே ஒன்று, அது ஒரு பக்கமாக அதிகம் இழுபடும். வாங்கி வந்ததும் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை இழுத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் அதிகம் நீள்கிறதோ அதைச் சாக்பீஸால் அம்பு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பாகத்தை ஒரு திசையிலும் பின்பாகத்தை வேறு திசையிலும் வெட்டிவிட்டால் தைக்கும்போது ஒன்றும் தெரியாது, பஞ்சு போனதும் உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. வாங்கும்போது முடிச்சு விழாத ரகம் எது என்று கேட்டு வாங்குங்கள். உள்ளங்கையால் நாலைந்து தடவை அழுத்தித் தேய்த்தாலே மட்டமான துணியில் உருண்டை உருண்டையாகத் திரள ஆரம்பித்துவிடும்.

மிங்கி, கடைப் பொம்மைகளில் இருக்கிற அந்த வழுவழுப்பான துணி. தொட்டால் சொர்க்கம், தைத்தால் வழுக்கல். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு குண்டூசி குத்தினால்தான் நகராமல் நிற்கும். தடவிப் பார்த்தால் ஒரு திசையில் படியும், எதிர்த்திசையில் சிலிர்க்கும் அல்லவா, எல்லாத் துண்டுகளிலும் அது ஒரே திசையில் போகவேண்டும். இல்லாவிட்டால் ஒரே துணியில் வெட்டியதே இரண்டு நிறமாகத் தெரியும்.

நீள ரோமம் உள்ள ஃபர் துணியைக் கத்தரிக்கோலின் முழு வாயையும் திறந்து வெட்டக்கூடாது. பின்பக்கம் திருப்பிப் போட்டு, நுனியால் அடித்துணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவேண்டும். இல்லையென்றால் ரோமமும் சேர்ந்து அறுந்து, தைத்த இடமெல்லாம் மொட்டையாகத் தெரியும். அதனால்தான் கடைசிக்கு வையுங்கள் என்றேன்.

கேள்வி: பஞ்சுக்கு ஏன் இவ்வளவு செலவு? பழைய துணி, ஸ்பாஞ்சுத் துண்டுகள் எல்லாம் வீட்டில் இருக்கின்றனவே.

உள்ளேதானே போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் நினைத்திருக்கிறேன். ஆன்லைனில் ஒரு பெரிய மூட்டை மலிவாகக் கிடைத்தது, படத்தில் வெள்ளைவெளேரென்று பஞ்சு. வந்து பிரித்தால் மேலே ஒரு அடுக்குப் பஞ்சு, கீழே பொடி ஸ்பாஞ்சும் நூல் கழிவும். அவசரத்தில் அதையே அடைத்து ஒரு முயல் தைத்தேன். அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஒரு முறை துவைத்ததும் வயிற்றில் கட்டி கட்டியாகத் திரண்டு, கழுத்து காலியாகித் தலை தொங்கிவிட்டது. இரண்டு நாள் உழைத்துச் செய்த பொம்மை, பிரித்து மறுபடி அடைக்கும்போது மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன்: பஞ்சில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாங்கவேண்டியது பாலியஸ்டர் ஃபைபர் பஞ்சு. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கி மூடி, விட்டுப் பாருங்கள். நல்லதாக இருந்தால் உடனே எழும்பும், கையில் லேசாக வழுக்கும். இரண்டாகப் பிரித்து இழுத்தால் நீள இழையாக வரவேண்டும், துணுக்கு துணுக்காகப் பிய்ந்து வந்தால் வேண்டாம். 20 சென்டிமீட்டர் பொம்மை ஒன்றுக்கு 250 கிராம் பாக்கெட் தாராளம். மூட்டையாக வாங்கினால் மலிவுதான், ஆனால் இந்த வேலை பிடிக்கிறதா என்றே தெரியாத நிலையில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு அது கிடக்கும்.

பழைய துணித் துண்டுகளை அடைத்தால் பொம்மை கனக்கும், துவைத்தபின் உள்ளே காயாமல் வாடை வரும். வீட்டில் பழைய பாலியஸ்டர் தலையணை இருந்தால் அந்தப் பஞ்சை எடுத்து, துவைத்து நன்றாகக் காயவைத்து, விரலால் பிய்த்துப் பிய்த்து உதறிப் பயன்படுத்தலாம், தவறே இல்லை.

அடைக்கும்போது கை, கால், காது நுனிகளுக்கு முதலில் சின்னச் சின்னதாகத் தள்ளுங்கள், உடம்புக்குப் பெரிய பிடியாக வையுங்கள். கழுத்தில் இனி இடமில்லை என்று தோன்றிய பிறகும் இன்னும் இரண்டு பிடி வையுங்கள். தள்ளுவதற்கென்று தனிக் கருவி வேண்டாம், பெயின்ட் பிரஷ்ஷின் பின்முனை போதும்.

கேள்வி: அக்கா குழந்தைக்கு ஒரு வயது நிறையப் போகிறது. கரடி தைத்துத் தரலாம் என்று சேஃப்டி கண்கள் ஒரு பாக்கெட் வாங்கினேன். பெயரிலேயே சேஃப்டி என்று இருப்பதால் பயமில்லைதானே?

அந்தப் பெயரை நம்பாதீர்கள். இந்தக் குழந்தைக்கு அதைப் போடவே வேண்டாம்.

சேஃப்டி கண் என்பது பின்னால் தண்டு வைத்த பிளாஸ்டிக் கண். துணியில் குத்தி, உள்பக்கம் ஒரு வாஷரை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வாஷர் கழலாமல் இருக்கலாம், ஆனால் அதைச் சுற்றி இருக்கிற துணி கிழியுமே! குழந்தை கடித்து இழுத்து, துணி நைந்து, கண் தண்டோடும் வாஷரோடும் சேர்ந்து வெளியே வந்துவிட்டால் பூட்டு இருந்து என்ன பயன்? பட்டன், மணி, ஒட்டுகிற கண் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை வைத்திருக்கிறார்கள், விட்டம் 31.7 மில்லிமீட்டர். அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்கிவிடுகிற எதுவும் தொண்டையில் சிக்கக்கூடிய சின்னப் பொருள் என்று கணக்கு. பொம்மையை இழுத்து, திருகி, அதன்பின் கழன்று வருகிற பாகத்தையும் அதில் போட்டுப் பார்க்கிறார்கள். நீங்கள் வாங்கிய கண் 10 அல்லது 12 மில்லிமீட்டர் இருக்கும், எவ்வளவு சுலபமாக அடங்கும் என்று பாருங்கள்.

கண்ணை நூலால் தையுங்கள். ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் மூன்று இழை பிரித்து, கறுப்பில் ஒரு வட்டம் நிரப்பி, மேல் ஓரத்தில் வெள்ளையில் ஒரே ஒரு சின்னத் தையல் போடுங்கள். அந்த வெள்ளைப் புள்ளி விழுந்ததும் கரடி உங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடும், எத்தனை முறை தைத்தாலும் எனக்கு அது ஆச்சரியம்தான். பஞ்சு அடைக்கும் முன்பே முகத்தைத் தைத்துவிட்டால் முடிச்சு உள்ளே போய்விடும். கழுத்தில் நீள ரிப்பன், உள்ளே கிலுகிலுப்புக்கு மணி இவையும் இந்த வயதுக்கு வேண்டாம். பிறந்த குழந்தைகளின் தூங்கும் இடத்தில் மெத்தென்ற பொம்மை எதுவும் இருக்கக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வாங்கிய பாக்கெட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பெரிய பிள்ளைகளுக்கும் அலமாரியில் வைக்கிற பொம்மைகளுக்கும் ஆகும். போடும்போது துளையை வெட்டாதீர்கள், கூரான குத்தூசியால் இழைகளை விலக்கிக் கண்ணின் தண்டை உள்ளே விடுங்கள், உள்ளே ஒரு வட்டம் ஃபெல்ட் வைத்து அதன்மேல் வாஷரை அழுத்துங்கள்.

கேள்வி: எல்லாம் சேர்ந்து வருகிற கிட் வாங்குவது லாபமா?

ஒரு பொம்மைக்கு லாபம்தான், துணியும், வெட்டுவதற்கான வடிவத் தாளான பேட்டர்னும் அளவாக வந்துவிடும். ஆனால் பெட்டியின் படத்தைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். பஞ்சு தனியாக வாங்கவேண்டும் என்று பல கிட்டுகளில் பொடி எழுத்தில் இருக்கும். 'துணியில் வடிவம் அச்சிட்டது' என்பதும் 'வெட்டித் தந்தது' என்பதும் வேறு வேறு. அதோடு வருகிற கத்தரிக்கோலை நம்பாதீர்கள். துணிக்கென்று ஒரு நல்ல கத்தரிக்கோல் தனியாக வாங்கி, அதில் காகிதம் வெட்டாமல் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் வரும். அது, பாலியஸ்டர் நூல், ஊசி பாக்கெட் ஒன்று, தலை பெரிதாக உள்ள கலர் குண்டூசி, இவ்வளவுதான் தேவை. கை கால்களை உடம்போடு இணைக்கும்போது மட்டும் ஒரு நீள ஊசி வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய துணி படத்தில் பார்த்த நிறத்தில் இல்லை. வெட்டிக் கொடுத்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். இது நியாயமா?

அளந்து வெட்டிய துணியைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை, பெரும்பாலும் வாங்குகிற பக்கத்திலேயே அதைப் போட்டும் இருப்பார்கள். நிறம் திரையில் கொஞ்சம் மாறித் தெரிவதை மட்டும் வைத்து வாதாடுவது கஷ்டம். ஆனால் அளவு குறைவு, ஓட்டை, கறை, சொன்ன துணி ஒன்று வந்த துணி வேறு என்றால் அது கடைக்காரர் தவறு, விடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள், வெட்டும் முன் அளந்து பாருங்கள். கத்தரி வைத்துவிட்டால் உங்கள் பேச்சு எடுபடாது.

அடுத்த முறை மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். அழுத்தமான சிவப்பு, கருநீலம் என்றால் அந்தத் துண்டை நனைத்து ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் இறங்கினால் குழந்தை வாயில் வைக்கிற பொம்மைக்கு வேண்டாம்.

கேள்வி: நன்றாக வந்தால் விற்கலாமா?

விற்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பார்க்கவேண்டும். ஒன்று, பேட்டர்ன். காசு கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கலாம், படித்துப் பார்த்துவிட்டு, சந்தேகமிருந்தால் வடிவமைத்தவரிடமே கேளுங்கள். இன்னொன்று, பாதுகாப்பு விதிகள். குழந்தைகளுக்கு என்று சொல்லி விற்றால் பல நாடுகளில் அது கைவேலையா தொழிற்சாலைச் சரக்கா என்று பார்க்காமல் பொம்மைக்கான விதிகள் வந்துவிடும், ஐரோப்பாவில் இஎன் 71, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப்963 மாதிரி. 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், பார்த்தால் குழந்தைப் பொம்மை மாதிரிதான் இருக்கிறது என்றால் அந்தச் சீட்டு பெரும்பாலும் செல்லாது.

விற்பதோ கொடுப்பதோ, ஒரு பழக்கத்தை முதல் பொம்மையிலேயே தொடங்குங்கள். தைக்க உட்காரும்போது எத்தனை குண்டூசி எடுத்தோம் என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். பஞ்சு அடைப்பதற்காக முதுகில் தைக்காமல் விட்ட திறப்பை மூடும் முன் திரும்ப எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் பஞ்சை முழுவதும் வெளியே எடுத்துத் தேடுங்கள், கிடைத்த பிறகு மூடுங்கள்.