யூடியூப்பில்தான் வந்துவிடுமே!

அண்ணா, வணக்கம்.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். இணையதளங்கள் செய்து கொடுப்பதுதான் தொழில், மூன்று வருடமாகிறது. அடுத்த மாதம் கொழும்பில் ஒரு வெப் டெவலப்மென்ட் மாநாடு. ரிக்கெற், பஸ், ஓர் இரவு தங்கல் எல்லாம் சேர்த்தால் கையைக் கடிக்கிறது. உரைகள் எப்படியும் யூடியூப்பில் வந்துவிடும், காசைக் கரியாக்காதே என்கிறான் தம்பி. எனக்கு ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், கதைக்க வராது. ஒரு மூலையில் நின்றுவிட்டுத் திரும்புவதற்கு இவ்வளவு செலவா? நீங்கள் போயிருப்பீர்கள்தானே, சொல்லுங்கள்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தம்பி சொல்வது சரி. உரை கேட்கத்தான் போவதென்றால் போகவேண்டாம். நான் முதல் தடவை போனபோது முன்வரிசையில் இருந்து பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தேன். அந்தக் கொப்பியை இன்றுவரை திறக்கவில்லை.

இரண்டாம் தடவை ஒரு தலைவலியோடு போனேன். நிலாவெளியில் படகுப் பயணம் பதிகிற ஒரு தளம் செய்து கொடுத்திருந்தேன். துண்டுச்சீட்டில் இடம் குறைவு என்பதால் பெயரின் முதல் மூன்று எழுத்து மட்டும் விழும்படி வைத்திருந்தேன். கோணேஸ்வரி என்ற ஓர் அக்கா போன் எடுத்தார். ‘ஏன் தம்பி என்னைக் கோண என்று போட்டிருக்கிறீர்?’ எனக்குப் பேச்சு வரவில்லை. கோணேஸ் என்றல்லவா விழும் என்று நினைத்திருந்தேன்!

‘திருகோணமலை’ என்று எழுதி எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் நீளம் கேட்டால் பத்து என்கிறது. தி என்பது அதற்கு ஓர் எழுத்தல்ல. த ஒன்று, மேலே வரும் விசிறிக் குறி ஒன்று. கோ என்றாலும் அப்படித்தான். அக்காவின் பெயரில் அது மூன்றை எண்ணி வெட்டினால் ‘கோண’தான் மிஞ்சும்.

தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் இதைப் பாதி ஆங்கிலம், பாதி கைச்சாடையில் சொன்னேன். சிங்களப் பெடியன். சிரித்தான். பிறகு, தன் பாடு இன்னும் மோசம் என்றான். சிங்களத்தில் ஸ்ரீ எழுதினால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஒளிந்திருக்கிறதாம். அந்த இடத்தில் வெட்டினால் எழுத்தே உடைந்துவிடும். என் லப்டொப்பை வாங்கி, கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளாகப் பிரித்துத் தரும் இன்ட்ல் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியை வைத்து இரண்டு வரி எழுதினான். திருகோணமலைக்கு ஆறு வந்தது. குரோமில் அது 2020இலேயே இருந்திருக்கிறது. பயர்பொக்ஸுக்கு 2024இல்தான் வந்தது.

அதெல்லாம் ஆவணத்தில் இல்லையா என்று உங்கள் தம்பி கேட்பார். இருக்கிறது. என்ன பெயர் போட்டுத் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லையே! யூடியூப்பில் பதில் கிடக்கலாம், ஆனால் அது என் கேள்வியைத் திருப்பிக் கேட்டு விளங்கிக்கொள்ளாது.

ஆகவே உங்களிடம் தீராத ஒரு பிரச்சினை இருந்தால் போங்கள். இல்லாவிட்டால் இந்த வருடம் காசை மிச்சம் பிடியுங்கள், தப்பில்லை. ஆங்கிலம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். திரையைத் திருப்பிப் பிழையைக் காட்டினால் பாதிக் கதை முடிந்தது.

மேடையில் நிற்பவர்களைப் பார்த்தும் மிரளாதீர்கள். ரயன் டால் 2009இல் பெர்லினில் ஜேஎஸ்கொன்ஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில், பிரவுசருக்கு வெளியேயும் ஜாவாஸ்கிரிப்டை ஓடவைக்கும் தன் நோட் ஜேஎஸ்ஸைக் காட்டினார். 2018இல் அதே மாநாட்டு மேடைக்கு வந்து, அதில் தான் வருந்தும் பத்து விஷயங்களைப் பற்றிப் பேசினார். 2013இல் பேஸ்புக் நிறுவனம் இணையப் பக்கங்களைக் கட்டும் ரியாக்டை வெளியிட்டபோது, ஜாவாஸ்கிரிப்டுக்குள் பக்க அமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லா என்று முகம் சுளித்தவர்கள் ஏராளம். இன்று அவர்களில் எத்தனை பேர் அதில் சோறு சாப்பிடுகிறார்களோ!

செலவுக்கு ஒரு வழி சொல்கிறேன். தொண்டராக நிற்க ஆள் வேண்டுமா என்று ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பல மாநாடுகளில் தொண்டர்களிடம் ரிக்கெற்றுக்குக் காசு வாங்குவதில்லை. இரவு பஸ் பிடித்தால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டி விடியப் புறக்கோட்டையில் இறங்கலாம், தங்கும் செலவு மிச்சம். அம்மா தனியே விடமாட்டார் என்றால் தம்பியையும் கூட்டிப் போங்கள். அப்புறம், ஒரு சுவெற்றர் மறக்க வேண்டாம். உப்புக்காற்றில் வளர்ந்த நமக்கு அந்த மண்டபங்களின் ஏசி ஒத்துவராது.

அன்புடன்,
அண்ணன்