நோயாளர் நலச் சங்கம்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். அரசுப் பள்ளியில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தேவைகளுக்குத் தீர்மானம் போடும் குழுவான நோயாளர் நலச் சங்கத்தில் உறுப்பினராகச் சேரும்படி டாக்டரம்மா வீட்டுக்கே வந்து கேட்டார். மறுக்க மனம் வரவில்லை. போன மாதம் முதல் கூட்டத்துக்குப் போனேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தீர்மானங்களை ஒருவர் வேகமாக வாசித்தார். டீ வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

எனக்கு மருத்துவம் தெரியாது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அதற்கும் டவுனில் ஒரு தனியார் டாக்டரிடம்தான் போகிறேன். இப்படியொரு சங்கத்தில் நீங்கள் சில வருடம் இருந்ததாக ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். என்னைப் போன்றவர்களால் அங்கே என்ன ஆகும்? பேருக்கு உட்கார்ந்திருப்பதைவிட விலகிவிடுவது மரியாதை இல்லையா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள டீச்சர்,

விலகாதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அடுத்த கூட்டம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஆறு வருடம் நான் உறுப்பினராக இருந்தேன். முதல் இரண்டு வருடம் நீங்கள் சொன்ன அதே கூட்டம்தான். கையெழுத்துப் போட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குத் தெரிந்தது ஒரு கதவால்.

என் அண்ணன் மகள் பிரசவத்துக்கு அங்கே சேர்ந்திருந்தாள். மறுநாள் காலை பார்க்கப் போனேன். வார்டுக்கு வெளியே நடையில் காத்திருந்தபோது, கழிப்பறைக் கதவில் முதுகைச் சாய்த்து ஒரு வயதான அம்மா நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய மருமகள், பிள்ளை பெற்று ஒரு நாள் ஆனவள். கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும், ஒன்றில் யாரோ பாவாடை நாடாவைக் கோத்துக் கட்டியிருந்தார்கள். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். "மூத்த மருமகளுக்கும் நான்தான் இப்படி நின்னேன்" என்றார். அந்தப் பேரனுக்கு இப்போது நடக்கத் தெரியும் என்றும் சொன்னார்.

அந்தப் பிள்ளை பிறந்து நடை பழகிய காலம் முழுக்க நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர். அந்தக் காலத்தில் நான் கையெழுத்திட்ட தீர்மானங்கள் எனக்கு நினைவிருக்கின்றன: முகப்புக்கு வர்ணம், புதிய பெயர்ப்பலகை, கூட்டத்துக்கு வருபவர்கள் உட்கார பிளாஸ்டிக் நாற்காலிகள். தாழ்ப்பாளின் விலை எண்பது ரூபாய். மாட்டுவதற்குக் கால் மணி நேரம் ஆனது. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை. ஊழியர்களுக்கு வேறு கழிப்பறை இருந்தது. சங்கத்தில் இருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் ஆண்கள், அந்த நடைப்பக்கம் யாருமே போனதில்லை. அந்தக் கதவைத் திறக்க வேண்டியிருந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

மருத்துவம் தெரியாது என்கிறீர்கள். மருத்துவம் தெரிந்தவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். தாழ்ப்பாளைப் பார்க்கத்தான் ஆள் வேண்டும். இது இன்று நேற்று தோன்றிய யோசனையும் இல்லை. 1946இல் நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) என்பவரின் குழு தன் அறிக்கையைக் கொடுத்தபோதே, கிராமந்தோறும் ஊர்க்காரர்களைக் கொண்ட சுகாதாரக் குழு வேண்டும் என்று சொல்லியிருந்தது.

இந்தச் சங்கங்களின் பிறப்பையும் தெரிந்துகொள்ளுங்கள், கூட்டத்தில் உதவும். 1994இல் சூரத்தில் பிளேக் பீதி கிளம்பியபோது, மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் இருந்த மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலிகள் பெருகிக் கிடந்தன. நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றிவிட்டு, ஊர்மக்களும் பணம் கொடுத்து, கட்டடத்தையே சுத்தம் செய்தார்கள். மறுபடி அப்படி ஆகக் கூடாது என்று அங்கே உருவானதுதான் ரோகி கல்யாண் சமிதி. 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. நம் ஊரில் அதன் பெயர்தான் நோயாளர் நலச் சங்கம். மத்தியப் பிரதேசத்தில் கட்டணம் வாங்கி நிதி சேர்க்கவும் சமிதிக்கு அனுமதி இருந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிகிச்சை இலவசம். எப்போதாவது யாராவது "ஓ.பி. சீட்டுக்கு ஒரு சின்னத் தொகை வாங்கினால் என்ன" என்று கூட்டத்தில் ஆரம்பித்தால், தயவுசெய்து எழுந்து நின்று மறுத்துவிடுங்கள். அந்தச் சின்னத் தொகையும் கையில் இல்லாததால் வீட்டிலேயே படுத்துக்கொள்ளும் ஆட்களை எனக்குத் தெரியும்.

பணத்துக்கு வருகிறேன். 2005 திட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வகுத்த கணக்கு இது: சங்கத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம், பராமரிப்புக்கு 50,000, தேவையைப் பார்த்துச் செலவிட 25,000. மொத்தம் 1.75 லட்சம். பின்னால் விதிகள் மாறின. உங்கள் நிலையத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு மீதி, போன ஆண்டு செலவாகாமல் எவ்வளவு கிடந்தது என்று மூன்றையும் கேளுங்கள். குற்றம் கண்டுபிடிக்கும் குரல் வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் எத்தனை வரவு செலவுப் புத்தகம் பார்த்திருப்பீர்கள்! எங்கள் அனுபவத்தில், பணத்தைத் தவறாகச் செலவழித்ததைவிட, தணிக்கைக்குப் பயந்து தொடாமலே வைத்திருந்ததுதான் அதிகம். சங்கம் துணிந்து தீர்மானம் போட்டுக் கொடுத்தால் மருத்துவ அலுவலருக்கு அது பலம். இளம் டாக்டர்கள் பலருக்கு அந்தத் துணைதான் தேவைப்படுகிறது.

ஆனால் என்ன தீர்மானம் போடுவது? அதற்கு நீங்கள் பெஞ்சில் உட்கார வேண்டும்.

கதவு விஷயத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கூட்டத்துக்கு முந்தைய வாரம் இரண்டு காலைகள், ஓ.பி. வரிசைக்கு எதிரே இருக்கிற மர பெஞ்சில் போய் உட்காருவேன். அப்படி ஒருநாள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். செங்கல் சூளையில் வேலை, ஐம்பது வயது இருக்கும். பிரஷரும் சுகரும். மணிபர்ஸைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பதினைந்து நாளைக்குத்தான் கொடுக்கிறார்களாம். மறுபடி வந்தால் இன்னொரு நாள் கூலி போய்விடும். "அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன் சார். மாசம் ஓடிரும்" என்றார். அட்டையில் மாத்திரைக் குழிகள் ஒன்று விட்டு ஒன்று காலியாக இருந்தன. கணக்கு தவறாமல் இருக்க அவராகக் கண்டுபிடித்த வழி.

உள்ளே டாக்டர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் தெரியுமா? பிரஷர் இறங்கவில்லை, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்று. டாக்டரிடம் அந்த அம்மா சொல்லவில்லை. திட்டுவார்களோ என்று பயம். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் சொல்லிவிட்டார்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வந்தது. வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறார்கள். ஆனால் தன்னார்வலர் வீட்டுக்கு வரும் நேரத்தில் இவர் சூளையில் இருந்தார். அதைக் கூட்டத்தில் சொன்னோம். அந்தக் குடியிருப்புக்கு மட்டும் மாலையில் போகிறேன் என்று அந்தத் தன்னார்வலர் தானே ஒப்புக்கொண்டார். பதினைந்து நாள் கணக்குக்கு வேறு காரணம் இருந்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியதிலிருந்து மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, அதில் ஒதுக்கிய தொகைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிலையத்தில் முந்தைய ஆண்டின் நோயாளி எண்ணிக்கையை வைத்தே தேவைப் பட்டியல் போயிருந்தது. புதிதாகப் பதிவானவர்கள் அதில் இல்லை. மருந்தாளுநர் எல்லோருக்கும் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்று பாதிப் பாதியாகக் கொடுத்திருக்கிறார். அவர் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? எண்ணிக்கையைத் திருத்தி எழுதவும், மேலே அனுப்பவும், மறுபடி நினைவூட்டவும் மூன்று மாதம் ஆனது. பிறகு முப்பது நாளைக்குக் கொடுத்தார்கள்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். உங்கள் பிரஷர் மாத்திரையை இனி உங்கள் ஊர் நிலையத்திலேயே வாங்க முடியுமா? ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் சமூக நல மருத்துவ மையங்கள் 1965இல் பாஸ்டன் நகரின் கொலம்பியா பாயிண்டில் தொடங்கின. அடுத்து மிசிசிப்பியில் கறுப்பின விவசாயக் கூலிகள் வாழ்ந்த மவுண்ட் பேயூ. அங்கே ஜாக் கைகர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் பசியால் மெலிந்த குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். மளிகைக் கடைக்காரர் சீட்டைப் பார்த்து சாமான் கொடுப்பார், மருந்துக் கணக்கில் பணம் போகும். அரசுப் பணம் மருந்துக்குத்தான் என்று ஆட்சேபம் வந்தபோது, ஊட்டமின்மைக்கு மருந்து உணவுதான் என்று பதில் சொன்னார் கைகர். அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசியதால் வந்த வைத்தியம் அது. இன்று அங்கே மத்திய அரசு நிதி பெறும் இத்தகைய மையங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அந்த மையத்திலேயே வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவதும் அந்தக் குழுதான். நம் சங்கங்களில் நோயாளிக்கு இப்படியொரு பங்கு ஒதுக்கப்படவில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. சட்டம் வரும்போது வரட்டும், நீங்கள் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்றாலே உங்கள் சங்கத்தில் ஒரு நோயாளி இருப்பார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் பேட்டரி இல்லை என்பது உங்களுக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் காதில் பலதும் விழும். யாருக்குக் காசநோய், எந்த வீட்டுப் பெண் யாரோடு வந்தாள், எதற்கு வந்தாள். நீங்கள் ஊருக்கே டீச்சர், பாதிப் பேர் உங்களிடம் படித்தவர்களாக இருப்பார்கள். பிரச்சினையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள், பெயரை பெஞ்சிலேயே விட்டுவிடுங்கள். எங்கள் சங்கத்தில் ஒருவர் நல்ல எண்ணத்தில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி உதவி கேட்டார். அந்தப் பெண் அதற்குப் பிறகு அங்கே வரவே இல்லை. அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டோம். அப்போதும் வரவில்லை.

ஊழியர்களையும் வரிசையில் நிற்பவர்களைப் போலவே கவனியுங்கள். இரவில் ஒரே ஒரு நர்ஸ் தனியாகப் பிரசவம் பார்க்கிற இடம் அது. எங்கள் சங்கம் செய்த நல்ல செலவு எது என்று கேட்டால், வாசலிலிருந்து குடியிருப்பு வரை போட்ட இரண்டு விளக்குகளைச் சொல்வேன். அதைக் கேட்டது ஒரு நர்ஸம்மா, அதுவும் மூன்று கூட்டங்கள் தயங்கிய பிறகு.

கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தீர்மானங்களை இரண்டு நாள் முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். படிக்காததில் கையெழுத்துப் போடாதீர்கள், "வாசித்துவிட்டுப் போடுகிறேன் டாக்டர்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். போன கூட்டத்தில் முடிவானது என்ன ஆயிற்று என்பதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சங்கத்தால் முடியாததை, பஸ் நேரம், தண்ணீர்க் குழாய் மாதிரி விஷயங்களை, கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26க்கும் மே 1க்கும் ஆகஸ்ட் 15க்கும் அக்டோபர் 2க்கும் எப்படியும் சபை கூடும்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாள். புதன்கிழமை தடுப்பூசி. வரும் செவ்வாய் எட்டு மணிக்கே போய்விடுங்கள். பெண்களுக்கான கழிப்பறைக்கு நீங்களே போய், உள்ளே தண்ணீர் வருகிறதா, கதவு பூட்டுகிறதா என்று பாருங்கள். என்னால் அது முடியாமல்தான் இரண்டு வருடம் போனது. பிறகு பெஞ்சில் உட்காருங்கள். யாரையும் எதுவும் கேட்க வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அவர்களே பேசுவார்கள். வீட்டுக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கான தீர்மானத்தைச் சேர்ந்தே எழுதிப் பார்க்கலாம்.

அன்புடன்.