திருகோணமலையில் இருந்து ஆப்பிரிக்கச் சபாரி போக ஆளுக்கு எவ்வளவு காசு ஒதுக்க வேண்டும்?

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குப் பூங்காவை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆறு பேர் சேர்ந்து ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் போனால் ஆளுக்குச் சுமார் 1,500 டொலர் போதும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் நாலரை இலட்சம். இதையே ஓகஸ்டில் இரண்டு பேராகப் போனால் 2,000 டொலரை நெருங்கிவிடும். நம் ஊரில் பலர் விமான டிக்கெட் விலையைப் பார்த்தவுடனேயே ஆசையை விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் ஒருமுறைச் செலவு. சபாரியில் காசு கரைவது நாட்கணக்கில்தான். அதை நம் கைக்குள் கொண்டுவர வழி இருக்கிறது.

முதலில் பூங்காக் கட்டணம். 2024 முதல் மசாய் மாராவில் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டொலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டொலர். அந்த டிக்கெட் காலை 6 மணியில் இருந்து மாலை 6 மணி வரைதான் செல்லும். நைரோபியில் விடியற்காலை வெளிக்கிட்டாலும் நாரோக் நகரம் தாண்டிப் பூங்காவின் செக்கனானி வாசலுக்கு வர ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். பயண முகவர்கள் அனுப்பும் திட்டத்தில் ‘முதல் நாள் பின்னேரம் சபாரி’ என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கும் முழு டிக்கெட்தான்! நாங்கள் அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே கூடார முகாம் ஒன்றில் தங்கினோம். வந்த அன்று குளித்து, சாப்பிட்டு, நன்றாக நித்திரை கொண்டோம். அடுத்த இரண்டு நாளும் வாசல் திறக்கும்போதே உள்ளே போய், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுபோய் மர நிழலில் சாப்பிட்டு, மாலை வரை இருந்தோம். மூன்று இரவுக்கு இரண்டே டிக்கெட். பூங்காவுக்கு உள்ளேயே தங்குபவர்கள் புறப்படும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும். பிந்தினால் இன்னொரு நாள் கட்டணம். இதைக் கட்டாயம் கேட்டு வையுங்கள்.

அடுத்தது வாகனம். கூரை மேலே எழும்பும் வான், சாரதி, எரிபொருள் எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 டொலர் அளவில் பேசலாம். நான்கு நாளுக்கு 800. இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 400, ஆறு பேர் என்றால் 135. ஆகவே ஆள் சேர்ப்பதுதான் மலிவாகப் போகும் வழி. சொந்தக்காரர், கூட வேலை செய்பவர்கள், யாராக இருந்தாலும் ஒரு வான் நிறையும்வரை பொறுத்திருங்கள். மிச்சக் கணக்கு: கட்டுநாயக்கவில் இருந்து வளைகுடா வழியாக நைரோபிக்குப் போய்வர 700 டொலர் அளவு, முகாமில் மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஒரு இரவுக்கு 80, நைரோபியில் இரண்டு இரவு 80, இணையவழி நுழைவு அனுமதி 30. பூங்காவுக்கு இரண்டு நாள் 200, வானுக்கு 135, முகாமில் மூன்று இரவு எல்லாம் கூட்டிப் பார்த்தால் 1,400 அளவில் வரும். தடுப்பூசி, கொழும்புப் பயணம், தண்ணீர், அன்பளிப்பு என்று இன்னும் 100.

எந்த மாதம்? உப்புவெளியில் அறை வாடகைக்கு விடும் குடும்பம் எங்களுடையது. இங்கே சித்திரையில் இருந்து புரட்டாதி வரை மூச்சுவிட நேரம் இருக்காது, மாரி தொடங்கினால் படகும் கரையில், அறையும் காலி. அந்த ஓய்வு ஜனவரி, பெப்ரவரியில் அமைவது எங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். அங்கே அப்போது மழை குறைவு, கட்டணமும் பாதி. வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சி கிடைக்காது, அது ஜூலைக்குப் பிறகுதான். ஆனால் மாராவின் சிங்கங்களும் சிவிங்கிப்புலிகளும் வருடம் முழுக்க அங்கேயேதான் இருக்கும். ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியும் என்றால் அந்த மாதம் மின்னேரியாவுக்குப் போங்கள். குளம் வற்றிப் புல் வெளிக்கும் அந்த நாட்களில் திரளும் யானைக் கூட்டம் உலகத்தில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. மின்னேரியாவுக்குப் பக்கத்து ஹபரணை நமக்கு இரண்டு மணித்தியாலத் தூரம்தானே.

தன்சானியா? அங்குள்ள செரெங்கெட்டி பூங்காவில் நாளுக்கு 70 டொலரும் அதன்மேல் 18 வீத வரியும். இங்ஙொரொங்கொரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க வாகனத்துக்குத் தனியாக வரியோடு 295 டொலர். முதல் பயணத்துக்குக் கென்யாவே போதும் என்பது என் எண்ணம்.

சேமிப்பை ரூபாயில் எழுதாதீர்கள். 2022 மார்ச்சில் 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360 வரை ஏறியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். ‘இவ்வளவு டொலர் சேர்ந்தது’ என்று எழுதிவாருங்கள். சீட்டுக் காசு கைக்கு வந்ததும் முதலில் விமான டிக்கெட்டை எடுத்துவிடுங்கள், அதன் பிறகு அந்தப் பகுதிக்கு நாணயப் பயம் இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு. அந்தச் சான்றிதழ் திரும்பி வரும்போது நம் நாட்டுக்குள் நுழையத் தேவை. மலேரியா மாத்திரையைச் சுகாதார அமைச்சின் மலேரியா தடுப்பு இயக்கம் இலவசமாகவே தருகிறது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று பெயர் வாங்கியிருக்கிறோம், அதைத் திரும்பக் கொண்டுவருபவர் நாமாக இருக்கக் கூடாது. இன்னொன்று, கென்யாவில் 2017இல் இருந்து பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. உடுப்பைச் சொப்பிங் பையில் சுற்றி வைக்காதீர்கள்.

எதில் குறைத்தாலும் சாரதியில் குறைக்க வேண்டாம். வெறும் புல்வெளி என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் எங்கள் சாரதி என்ஜினை நிறுத்தினார். மான்கள் எல்லாம் மேய்வதை விட்டு ஒரே பக்கம் பார்த்து நின்றன. அவர் காட்டிய திசையில் கறையான் புற்றின் மேல் சிவிங்கிப்புலி ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அந்தக் கண் விலைப்பட்டியலில் இருக்காது. வானைப் பேசும்போதே இத்தனை வருடம் மாராவில் ஓடியவர் வேண்டும் என்று கேளுங்கள், ஆறு பேரும் சேர்ந்து நாளுக்கு 20 டொலராவது அவருக்கென்று முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.