அம்புப்புழு வலையில சிக்கல

பரங்கிப்பேட்டை பக்கம் பகல்ல மேற்பரப்புல வலை இழுத்தா அம்புப்புழு (அம்பு மாதிரி இருக்கிற, கடல்ல மிதக்கிற சின்னப் புழு) ரெண்டு மூணுதான் வருது, நவம்பர்ல சுத்தமா இல்லன்னு கேட்டிருக்கீங்க. இனம் அழிஞ்சுபோச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க ப்ளீஸ். அது பகல்ல கீழ இறங்கிரும், ராத்திரி கோப்பிபாட்ங்கிற குட்டி ஓட்டுயிரிகளைத் தின்ன மேல ஏறும், உடம்புல இருக்கிற நுண்மயிர்ல அதிர்வு தெரியும்ங்கிறதால வலை வர்றப்பவே நழுவிடும். அதனால இருட்டினப்புறம் அடியிலேர்ந்து சாய்வா மேல வரைக்கும் இழுங்க, வலை வழியா எவ்வளவு தண்ணி போச்சுன்னு காட்டுற ஃப்ளோமீட்டர் கட்டாயம். நவம்பர் வடகிழக்கு மழைல வெள்ளாத்துத் தண்ணி கலந்து உப்பு இறங்கிரும், நிறைய இனங்களுக்கு அது ஆகாது, கோடைல உப்பு ஏறுனப்புறம் பாருங்க. ஒவ்வொரு தடவையும் உப்பு அளவும் மணியும் குறிச்சு வைங்க. குடல்ல என்ன இருக்குன்னு பாக்கணும்னா உடனே ஃபார்மலின் ஊத்துங்க, வலைக்குள்ளயே பக்கத்துல இருக்கிறதைப் புடிச்சு தின்னுரும்.