புட்டிங் எழும்பலயா? மாவ திட்டாதீங்க!

போன வாரம் இங்கிலாந்து சண்டே ரோஸ்ட், அதாவது ஞாயித்துக்கிழமை சுட்ட கறி விருந்து பத்தி நாலு பாராதான் எழுதினேன். வந்த கேள்வில பாதிக்கு மேல, அதுல ஓரமா ஒரு வரில வந்த யார்க்ஷயர் புட்டிங் பத்திதான். மைதா, முட்டை, பால் கரைச்சு ஓவன்ல உப்பலா சுட்டு, கறியோட கிரேவி ஊத்தி சாப்பிடறது அது. சரி, இந்த வாரம் முழுக்க அதே.

கேள்வி: அக்கா, நாங்க லீட்ஸ் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. பக்கத்து வீட்டு பாட்டி செய்ற புட்டிங் கிண்ணம் மாதிரி உப்பி நிக்குது, நான் செஞ்சா அதிரசம் மாதிரி தட்டையா கெடக்கு. முட்டைய கூட்டிப் பாத்துட்டேன், மாவ கொறச்சும் பாத்துட்டேன். என்னதான் தப்பு?

பதில்: மாவ விடுங்க, அது பாவம். டின்ல ஊத்தின எண்ணெய் எவ்ளோ சூடா இருந்துச்சுன்னு சொல்லுங்க மொதல்ல. நம்மள்ல நெறைய பேர் கேக் செய்ற பழக்கத்துல டின்ல எண்ணெய தடவி, உடனே மாவ ஊத்தி உள்ள தள்ளிடறோம், அங்கதான் போச்சு. பன்னெண்டு குழி மஃபின் டின் எடுத்து ஒவ்வொரு குழிலயும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, மாவு இல்லாம வெறும் எண்ணெயோட 220 டிகிரி ஓவன்ல பத்து பதினஞ்சு நிமிஷம் வைங்க, லேசா புகையணும். மாவ ஊத்தினா வடை தட்டி போடும்போது வருமே அந்த 'சொய்ங்' சத்தம், அது வரணும். மொதல் குழில வரலன்னா மிச்சத்த ஊத்தாதீங்க, டின்ன திரும்ப உள்ள வைங்க.

ஏன்னு கேட்டீங்கன்னா, இதுல சோடாவும் கெடையாது ஈஸ்ட்டும் கெடையாது, தூக்கி விடறது வெறும் ஆவிதான். சூடு எண்ணெய் பட்டதும் அடியும் ஓரமும் டக்குனு வெந்து சுவர் மாதிரி நின்னுடும், உள்ள இருக்கற பால், முட்டைல உள்ள தண்ணி ஆவியாகி மேல தள்ளும், முட்டையும் மைதாவோட பசையும் சேர்ந்து பலூன் மாதிரி இழுபட்டு அப்படியே முறுகிடும். அந்த முறுகல் வர்றதுக்குள்ள ஓவன் கதவ தொறந்தா ஆவி அடங்கி பொத்துனு உக்காந்துடும். நான் ஒரு தடவ வந்த விருந்தாளிக்கு காட்டறேன்னு பெருமையா தொறந்து, பன்னெண்டும் என் கண்ணு முன்னாடியே உக்காந்துச்சு. இருபதுலேர்ந்து இருபத்தஞ்சு நிமிஷம், கண்ணாடி வழியா மட்டும் பாருங்க.

அளவு ஈஸி, தராசு வேணாம். ஒரு டம்ளர்ல நாலு முட்டைய ஒடச்சு ஊத்தி எது வரைக்கும் நிக்குதுன்னு பாத்துக்கோங்க, அதே அளவு மைதா, அதே அளவு பால், ஒரு சிட்டிகை உப்பு. குழில பாதிக்கு மேல ஊத்தாதீங்க. உயரம் பத்தி ரொம்ப கவலப்பட்டா, 2008-ல ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியே நாலு இஞ்சுக்கு கம்மியா இருந்தா அது யார்க்ஷயர் புட்டிங்கே இல்லன்னு அறிவிச்சாங்க, வேதியியல் சங்கத்துக்கு இதுல என்ன வேலைனு எனக்கும் தோணுச்சு. என்னைக் கேட்டா மூணு இஞ்ச் வந்தா போதும், நடுவுல கிரேவி தேங்க ஒரு குழி இருக்கணும், அவ்ளோதான்.

கேள்வி: மாவ ராத்திரியே கரைச்சு வெளில வெச்சு புளிக்க விட்டா நல்லா எழும்புமா? கொஞ்சம் ஆப்ப சோடா போடலாமா?

பதில்: ஐயோ வேணாம், இது தோசை மாவு இல்ல. பாலும் முட்டையும் இருக்கு, வெளில வெச்சா கெட்டுப் போகும். ஃப்ரிட்ஜ்ல ராத்திரி முழுக்க வைக்கலாம், இல்லன்னா அரை மணி நேரம் சும்மா ஊறினா போதும். சோடாவும் வேணாம், பேக்கிங் பவுடர் கலந்தே வர்ற செல்ஃப் ரெய்சிங் மாவும் வேணாம், பொதபொதன்னு ஆகிடும்.

கேள்வி: நாங்க மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம். பப்ல குடுக்கற யார்க்ஷயர் புட்டிங் சாப்பிடலாமா?

பதில்: கேட்டுட்டு சாப்பிடுங்க. பழைய முறைல செய்றவங்க பீஃப் ட்ரிப்பிங், அதாவது மாட்டுக்கறி வேகும்போது உருகி வர்ற கொழுப்புலதான் சுடுவாங்க, பாக்க ஒண்ணும் தெரியாது. யார்க்ஷயர் பக்கம் மீனும் சிப்ஸும் கூட அதே கொழுப்புல பொரிக்கற கடைங்க நெறைய, அதையும் கேட்டுக்கோங்க. வீட்ல சன்ஃப்ளவர் எண்ணெய் போதும், நெய் கூட சூட்ட நல்லாவே தாங்கும், வெண்ணெய்தான் கருகிடும்.

கேள்வி: முட்டை இல்லாம வருமா?

பதில்: எனக்கு வரல. மூணு தடவ முயற்சி பண்ணி, மூணு தடவயும் பிஸ்கட் மாதிரி ஏதோ ஒண்ணு வந்துச்சு.

கேள்வி: புட்டிங்னு சொல்றாங்க, ஆனா கறியோட வெக்கறாங்க, இனிப்பே இல்லயே?

பதில்: அந்தக் காலத்துல கம்பில குத்தின கறி நெருப்புல சுத்திட்டே வேகும், கொழுப்பு சொட்டுறத வீணாக்காம கீழ ஒரு தட்டுல மாவ ஊத்தி வெச்சாங்க, அதான் ஆரம்பம். 1737-ல அச்சான ஒரு சமையல் புத்தகத்துல இது ட்ரிப்பிங் புட்டிங்தான், 1747-ல ஹன்னா கிளாஸ்னு ஒரு இங்கிலாந்து அம்மா தன் சமையல் புத்தகத்துல எழுதினப்போதான் யார்க்ஷயர் புட்டிங்னு பேர் வந்துச்சு. அப்போ இவ்ளோ உப்பலா இல்ல, தட்டையாதான் இருந்துச்சு (லீட்ஸ் தங்கச்சி, நீங்க செஞ்சது தப்பில்ல, கொஞ்சம் பழசு!). ஏழை வீட்ல மொதல்ல கிரேவி ஊத்தி புட்டிங்க குடுத்துடுவாங்க, வயிறு பாதி ரொம்பிட்டா கறி கம்மியா போதும்ல. மிச்சமானதுல ஜாமோ கோல்டன் சிரப்போ ஊத்தி பசங்க தின்னும், அப்போ அது இனிப்புதான். இதே மாவுல சாசேஜ போட்டு சுட்டா டோட் இன் தி ஹோல், அதாவது 'குழிக்குள்ள தேரை', பேர கேட்டு பயப்படாதீங்க, தவளைலாம் இல்ல.

கேள்வி: மிச்ச மாவுல பான்கேக் சுடலாமா? மில்டன் கீன்ஸ்ல பொண்ணோட ஸ்கூல்ல பான்கேக் டே வருதாம்.

பதில்: தாராளமா. மூணு சாமானும் அதேதான், பால் மட்டும் கூட வேணும். புதுசா கரைச்சா 100 கிராம் மைதா, ரெண்டு முட்டை, 300 மில்லி பால், ரவா தோசை மாவ விட கொஞ்சம் கெட்டியா இருக்கும். கரண்டியால தேய்க்காதீங்க, ஆப்பச்சட்டிய சுத்துற மாதிரி தவாவ தூக்கி சுத்துங்க, மெல்லிசா பரவும். மேல எலுமிச்சை பிழிஞ்சு சர்க்கரை தூவி சுருட்டி சூடா சாப்பிடணும், சாக்லேட் ஸ்ப்ரெட் எல்லாம் எனக்கு ஒத்துக்காது, பொண்ணு கேட்டா குடுங்க. ஈஸ்டருக்கு 47 நாள் முன்னாடி வர்ற செவ்வாய்க்கிழமைதான் அந்த நாள், மறுநாள் நோன்பு தொடங்கறதால முட்டை, வெண்ணெய் எல்லாத்தையும் தீத்துடுவாங்க. உங்க ஊர் பக்கத்துல ஓல்னில அன்னிக்கு பொம்பளைங்க தவாவும் பான்கேக்குமா 415 கஜம் ஓடுவாங்க, 1445-லேர்ந்து நடக்குதுன்னு சொல்றாங்க. ஏப்ரனும் தலைல ஸ்கார்ஃபும் கட்டாயம். அந்த ஊர்க்காரங்க மட்டும்தான் ஓடலாம், நீங்க பொண்ண கூட்டிட்டு போய் வேடிக்கை பாருங்க.